கம்ப்யூட்டர் பக்கம்: போட்டோவில் பின்னணியை நீக்குவது எப்படி?



இந்தத் தாளை நீங்கள் வராந்தாவில் நின்றுகொண்டே படிக்கிறீர்கள். மணி அடித்தால் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அதனால் பாடத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். இன்று நாலு, நாளைக்கு நாலு என்று படித்தாலும் புரியும்.

பின்னணி நீக்கம் ஏதோ சென்னையில் இருக்கிற பெரிய டிசைனர்கள் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். நம்ம ஒரகடத்தில் தினமும் நடக்கிற வேலை அது. எங்க சித்தப்பா கடையில் போட்டோ ஸ்டூடியோ, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றும் சேர்ந்தே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே உட்காருவேன். சிப்காட் கம்பெனிகளில் வேலைக்குச் சேர வருகிறவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், ராமநாதபுரம், அதையும் தாண்டி ஒடிசா, பீகார் என்று எங்கிருந்து வந்தாலும் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது ஒன்றுதான்: "பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி, வெள்ளை பேக்ரவுண்டு."

நமக்கும் இது தேவைப்படும். பிளஸ் டூ முடித்து நீட் எழுதப் போகிறவர்கள் தேசியத் தேர்வு முகமையின் தகவல் கையேட்டைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி வேண்டும், படத்தில் 80 சதவீதம் முகம் இருக்க வேண்டும், காதுகள் தெரிய வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அந்தக் காதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், மறக்காதீங்க.

1. கம்ப்யூட்டர் கண்ணுக்குப் பின்னணி என்று ஒன்று கிடையாது

போட்டோவைப் பார்த்ததும் நாம் "இது ஆள், இது சுவர்" என்று சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிக்ஸல் என்று பெயர். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை.

ஆக, பின்னணியை நீக்குவது என்றால், "இந்தப் பிக்ஸல்கள் ஆளுடையவை, அந்தப் பிக்ஸல்கள் சுவருடையவை" என்று கம்ப்யூட்டருக்கு நாம் பிரித்துக் காட்டுவது. பிரித்துக் காட்ட இரண்டு வழிதான். ஒன்று, நிறத்தை வைத்துப் பிரிப்பது. இன்னொன்று, ஓரத்தை வரைந்து பிரிப்பது. மற்ற டூல் எல்லாம் இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

2. நாலாவது எண்

பிரித்த பிறகு சுவர்ப் பிக்ஸல்களை என்ன செய்வது? அழித்தால் அங்கே வெள்ளை வருமா, கறுப்பு வருமா? இரண்டும் நிறம்தானே. நமக்கு வேண்டியது "ஒன்றும் இல்லை" என்கிற நிலை.

இதற்காக மூன்று எண்களோடு நாலாவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அதன் பெயர் ஆல்ஃபா. ஆல்ஃபா 255 என்றால் அந்தப் பிக்ஸல் முழுதாகத் தெரியும். 0 என்றால் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது தெரியும். 128 என்றால் பாதி தெரியும், ஈரத் துணி வழியாகப் பார்ப்பது மாதிரி. அமெரிக்காவில் எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் 1977-ல் நியூயார்க் தொழில்நுட்பக் கல்லூரியில் கொண்டுவந்த யோசனை இது. சதுரங்கப் பலகை மாதிரி சாம்பலும் வெள்ளையுமாக ஒரு கட்டம் திரையில் தெரியும் பாருங்கள், அதுதான் "இங்கே ஒன்றுமில்லை" என்பதற்கு அடையாளம்.

முக்கியமான விஷயம்: ஜேபெக் ஃபைலில் இந்த நாலாவது எண்ணுக்கு இடமே கிடையாது. பிஎன்ஜி ஃபைலில் உண்டு. கஷ்டப்பட்டுப் பின்னணியை எடுத்துவிட்டு ஜேபெக்காகச் சேமித்தால் மறுபடியும் ஏதாவது ஒரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

3. முதல் வழி: நிறத்தை வைத்துப் பிரிப்பது

எந்த மென்பொருளில் செய்யலாம்? ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் போட்டோஷாப்தான். நோல் சகோதரர்கள் தாமஸ், ஜான் எழுதிய மென்பொருள் அது. முதல் பதிப்பு 1990-ல் வந்தது. சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் 2002-ல் வந்த போட்டோஷாப் 7 இன்னமும் ஓடுகிறது. ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. நாம் ஜிம்ப்பில் செய்வோம். அது இலவசம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் கல்லூரிப் புராஜெக்டாகத் தொடங்கி 1996-ல் வெளியிட்டார்கள். இப்போது உலகம் முழுக்க இருந்து பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்தது.

செய்முறை:

(1) ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்துப் படத்தைத் திறக்கவும். உடனே லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும். கீழே உள்ள அசல் லேயரின் கண் அடையாளத்தை அணைத்துவிடவும். அசலைத் தொடவே கூடாது.

(2) நகல் லேயரில் லேயர் – டிரான்ஸ்பரன்சி – ஆட் ஆல்ஃபா சேனல். இப்போது நாலாவது எண் சேர்ந்துவிட்டது. (அது மங்கலாக இருந்தால் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.)

(3) ஃபஸி செலக்ட் டூலை எடுக்கவும். மந்திரக்கோல் படம் போட்டிருக்கும். சுவரில் ஓர் இடத்தில் க்ளிக் செய்யவும். அந்த இடத்தோடு ஒட்டியிருக்கிற, அதே மாதிரி நிறமுள்ள பிக்ஸல்கள் எல்லாம் தேர்வாகிவிடும். "அதே மாதிரி" என்றால் எவ்வளவு? அதற்குத்தான் திரெஷோல்டு என்கிற எண். ஜிம்ப்பில் அது 15-ல் இருக்கும். க்ளிக் செய்த பிக்ஸலுக்கும் மற்றதுக்கும் மூன்று எண்களிலும் வித்தியாசம் 15-க்குள் இருந்தால் உள்ளே, தாண்டினால் வெளியே.

(4) சுவரில் நிழல் விழுந்த பகுதி விடுபட்டிருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு அங்கேயும் க்ளிக் செய்யவும். அதுவும் சேர்ந்துகொள்ளும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோணச் சந்து இருக்கும். பலர் அதை விட்டுவிடுவார்கள். அதையும் பார்த்துச் சேர்க்கவும்.

(5) செலக்ட் – இன்வர்ட். இப்போது சுவருக்குப் பதில் ஆள் தேர்வாகிவிட்டார். செலக்ட் – ஷ்ரிங்க் கொடுத்து 1 பிக்ஸல், பிறகு செலக்ட் – ஃபெதர் கொடுத்து 1 பிக்ஸல். எதற்கு என்று 6-வது பகுதியில் சொல்கிறேன்.

(6) டெலிட் பட்டனைத் தட்டாதீங்க! லேயர் – மாஸ்க் – ஆட் லேயர் மாஸ்க் என்று போய், அதில் "செலக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுத்து ஆட் கொடுக்கவும். மாஸ்க் என்பது முகமூடி. அதில் வெள்ளையாக இருக்கும் இடம் தெரியும், கறுப்பாக இருக்கும் இடம் மறையும், சாம்பல் இடம் பாதி தெரியும். எதுவும் அழியவில்லை, ஒளிந்திருக்கிறது, அவ்ளோதான். பிறகு செலக்ட் – நன் கொடுத்துத் தேர்வை எடுத்துவிடவும். காது கொஞ்சம் போய்விட்டதா? பிரஷ்ஷில் வெள்ளையை எடுத்து மாஸ்க் மேல் தடவினால் காது திரும்பி வரும். சுவர் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதா? கறுப்பைத் தடவுங்கள், போய்விடும்.

(7) வெள்ளை நிறத்தில் புது லேயர் ஒன்று சேர்த்து, ஆளுக்குக் கீழே இழுத்து வைக்கவும். ஃபைல் – எக்ஸ்போர்ட் அஸ். வேலை முடிந்தது.

4. மந்திரக்கோல் தோற்கும் இடம்

இப்போது ஒரு நிஜக் கேஸ் சொல்கிறேன்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டியாக இருந்தவர். இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு போட்டோ வேண்டும். சித்தப்பா, "வேலை செஞ்ச எடத்து கார்டுல போட்டோ இருக்குமேம்மா" என்றார். அவர் கார்டை எடுத்துக் காட்டினார். தொப்பி போட்டுக்கொண்டு விறைப்பாக ஒரு முகம். "இது அவரு மாதிரியே இல்ல தம்பி" என்றார். பிறகு புடவை முந்தானையில் சுற்றி வைத்திருந்த இன்னொரு போட்டோவை எடுத்தார். உறவுக்காரப் பெண் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. பின் வரிசையில் அவர் நிற்கிறார், லேசாகச் சிரித்துக்கொண்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு. "இவர மட்டும் தனியா எடுத்துக் குடுங்க."

ஸ்கேன் செய்து மந்திரக்கோலை வைத்ததும் சுவரோடு சேர்ந்து துண்டும் போய்விட்டது. ஏன்? கணக்கைப் பாருங்கள். மண்டபத்துச் சுவரின் எண்கள் 236, 238, 235. துண்டின் எண்கள் 240, 240, 236. வித்தியாசம் 4, 2, 1. மூன்றுமே 15-க்குள். கம்ப்யூட்டர் தப்பு செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. நிறம் ஒன்றாக இருக்கிறது, எடுத்துவிட்டது. திரெஷோல்டை 2-க்குக் குறைத்தாலோ சுவரே பாதிதான் தேர்வாகிறது.

அந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "துண்டு எங்க தம்பி? துண்டு இல்லாம அவரு தெருவுல எறங்கினதே இல்ல" என்றார்.

நம் யூனிஃபார்ம் சட்டைக்கும் இதே பிரச்சினைதான். வெள்ளைச் சட்டை போட்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் தோள் காணாமல் போய்விடும். பழைய ஸ்டூடியோக்களில் ஏன் நீலத் திரை தொங்கியது என்று இப்போது புரிகிறதா? கறுப்பு முடிக்கும் நீலம் ஆகாது, வெள்ளைச் சட்டைக்கும் ஆகாது, நம் தோலின் நிறத்துக்கும் ஆகாது. மூன்றையும் சுலபமாகப் பிரித்துவிடலாம். வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றாலும் நீலத் திரை முன்னால் எடுத்துவிட்டு அப்புறம் மாற்றுவதுதான் சுலபம். சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்க வைத்தால் நிழலும் விழாது.

5. இரண்டாம் வழி: ஓரத்தை வரைந்து பிரிப்பது

நிறம் கைவிட்டால் கோடுதான் துணை. ஜிம்ப்பில் பாத்ஸ் டூல், போட்டோஷாப்பில் பென் டூல். ஆளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, மவுஸை விடாமல் இழுக்கிறோம். இரண்டு புள்ளிக்கும் நடுவே கோடு வளைகிறது. இப்படியே சுற்றி வந்து முதல் புள்ளியில் பாதையை மூடி எண்டர் தட்டினால், பாதை தேர்வாக மாறிவிடும். அதன் பிறகு மேலே சொன்ன 5, 6, 7-வது படிகளேதான், ஒரே ஒரு வித்தியாசம்: ஆளையே நேராகத் தேர்ந்தெடுத்துவிட்டதால் இன்வர்ட் வேண்டாம். வளைவு அதிகமான இடத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைக்கவும். நேரான இடத்தில் இரண்டே புள்ளி போதும். கோடு ஆளின் ஓரத்துக்கு ஒரு பிக்ஸல் உள்ளேயே போகட்டும்.

இந்த வளைகோட்டுக்கு பெஸியே வளைகோடு என்று பெயர். பியர் பெஸியே என்பவர் பிரான்ஸ் நாட்டு இன்ஜினியர். 1933 முதல் 1975 வரை அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? ரெனோ கார் கம்பெனி! நம்ம ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-ல் திறந்தார்களே ஒரு கார் தொழிற்சாலை, அதே ரெனோ. காரின் பானெட், கதவு எல்லாம் வளைவு வளைவாக இருக்கிறது. அந்த வளைவை எந்திரத்துக்கு எண்களாகச் சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. 1960-களில் பெஸியே இந்த முறையை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே, 1959-ல், சிட்ரோயன் கம்பெனியில் பால் டி காஸ்டல்ஜோ என்பவரும் இதே வளைவைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் பெஸியேவுக்குப் போய்விட்டது. கார் கதவை வளைக்க வந்த கணக்கு, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் துண்டைச் சுற்றிக் கோடு போடவும் உதவியது.

கம்ப்யூட்டர் இல்லாமலேயே இந்த வளைவை நீங்கள் வரையலாம். கிராஃப் தாள், பென்சில், ஸ்கேல் எடுத்துக்குங்க.

அ (0, 0), ஆ (0, 8), இ (8, 8), ஈ (8, 0) என்று நாலு புள்ளி வைக்கவும். அ-வும் ஈ-யும் வளைவின் இரு முனைகள். ஆ-வும் இ-யும் பிடிகள், அதாவது கோட்டைத் தங்கள் பக்கம் இழுப்பவை. இப்போது அடுத்தடுத்த புள்ளிகளின் நடுப்புள்ளியைக் குறிக்கவும்: (0, 4), (4, 8), (8, 4). இந்த மூன்றுக்கும் மறுபடி நடுப்புள்ளி: (2, 6), (6, 6). இந்த இரண்டுக்கும் நடுப்புள்ளி: (4, 6). வளைவு சரியாக (4, 6) வழியாகப் போகும். நடுப்புள்ளிக்குப் பதில் கால் பங்கு, முக்கால் பங்கு என்று எடுத்து இதே மாதிரி செய்தால் மேலும் புள்ளிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் மனிதத் தலையின் மேல்பக்கம் மாதிரி ஒரு வளைவு வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

6. தலைமுடியும் வெள்ளை வளையமும்

பின்னணி மாற்றின போட்டோவில் தலையைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் தெரியும், பார்த்திருப்பீர்கள். சாமி படத்தில் ஒளிவட்டம் மாதிரி. அது எப்படி வருகிறது?

ஓரத்தில் இருக்கும் பிக்ஸல் முழுக்க முடியும் இல்லை, முழுக்கச் சுவரும் இல்லை. பாதிப் பாதி. கணக்கு எளிதாக இருக்க ஒரே ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். முடி 20, சுவர் 220. பாதிப் பாதி கலந்த பிக்ஸல் (20 + 220) ÷ 2 = 120. இப்போது புதுப் பின்னணி கருநீலம், அதன் எண் 60 என்று வையுங்கள். நியாயமாக அந்த ஓரப் பிக்ஸல் (20 + 60) ÷ 2 = 40 ஆக இருக்க வேண்டும். ஆனால் பழைய 120 அப்படியே நிற்கிறது. 40 இருக்க வேண்டிய இடத்தில் 120 இருந்தால் வெளிச்சமாகத்தானே தெரியும்? அதுதான் வளையம். பழைய சுவர் ஆளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஷ்ரிங்க் 1 கொடுப்பது அந்தக் கலப்படப் பிக்ஸல் வரிசையைக் கழிக்க. ஃபெதர் 1 கொடுப்பது, வெட்டிய ஓரம் கத்தரிக்கோல் வைத்தது போல் இல்லாமல் மெதுவாக முடிய.

பறக்கும் முடிக்கு இது போதாது. அதற்கு ஒரு வேலை செய்யலாம். ஆள் இருக்கும் லேயரில் மாஸ்க்கை அப்ளை செய்துவிட்டு, லாக் ஆல்ஃபா என்பதை அழுத்தவும். இப்போது பிரஷ் தெரிகிற பிக்ஸல்களில் மட்டும்தான் பிடிக்கும். முடியின் நிறத்தையே எடுத்து ஓரத்தில் மெல்லத் தடவினால் 120 குறைந்து முடி நிறத்துக்கு வந்துவிடும். ஜடையில் மல்லிகைப்பூ வைத்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தடவுங்கள், இல்லாவிட்டால் பூவும் கறுத்துவிடும்!

இன்னொரு குறிப்பு. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஓரம் ஒழுங்காகவே வராது. அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், ஓரத்தைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி அழுக்கு சேரும். "டாக்குமென்டா அனுப்புங்க" என்று சொல்லி வாங்குங்கள்.

7. சினிமாவும் தானாக வெட்டும் மென்பொருளும்

சினிமாவில் இதே வேலையை ஒரு நொடிக்கு 24 படத்துக்குச் செய்ய வேண்டும். 1940-ல் வந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரை முன்னால் நடிகர்களை எடுத்துப் பின்னணியை மாற்றி ஆஸ்கர் வாங்கினார். அதில் நடித்த சாபு நம்ம மைசூர்ப் பக்கத்துப் பையன். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பச்சைத் திரை அதிகமானது. அந்தக் கேமராக்களின் சென்சாரில் சிவப்பு, நீலத்தைவிடப் பச்சையைப் பார்க்கும் புள்ளிகள் இரண்டு மடங்கு இருப்பதும் ஒரு காரணம். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால் தலை மட்டும் மிதக்கும்!

இப்போது ஃபோனிலேயே ஒரு தட்டில் பின்னணி போய்விடுகிறது. ரிமூவ் பிஜி என்கிற இணையதளம் 2018 கடைசியில் வந்தது. 2023-ல் மெட்டா கம்பெனி ஒரு கோடியே பத்து லட்சம் படங்களில் நூறு கோடிக்கும் மேற்பட்ட மாஸ்க்குகளைக் கொண்டு பயிற்சி கொடுத்த ஒரு மாடலை வெளியிட்டது. இவை நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஏராளமான படங்களைப் பார்த்து, மனிதத் தோள் எப்படி இருக்கும், முடி எப்படி முடியும் என்று பழகியிருக்கின்றன.

அப்படியானால் மேலே சொன்ன பாடமெல்லாம் வீணா? இல்லை. அந்தக் குரூப் போட்டோவையே ஒரு தானியங்கியில் சித்தப்பா போட்டுப் பார்த்தார். துண்டு ஓரளவு தப்பித்தது. ஆனால் வேறொன்று போய்விட்டது. பக்கத்தில் நின்றவர் அவர் தோள்மேல் கை போட்டிருந்தார். நாலு விரல் மட்டும் தெரியும். மென்பொருள் அந்த விரல்களை வெட்டிவிட்டு அங்கே சட்டை நிறத்தைப் பூசிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது அவரு தம்பி கைப்பா. அது இருந்துட்டுப் போவட்டுமே?"

சித்தப்பா அசலை மறுபடி திறந்து, துண்டையும் சேர்த்து, அந்த நாலு விரலையும் சேர்த்துப் பாதை போட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. பதினாறாம் நாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். எது ஆள், எது பின்னணி என்பதைப் படத்துக்கு உரியவரிடம் கேட்டுவிட்டு வெட்ட வேண்டும். இதை எந்த மெனுவிலும் தேட முடியாது.

தானியங்கி வெட்டினால் இந்த நாலு இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்: காது மடல், கண்ணாடிக் காம்பு, ஜடைப் பூ, தலையில் போட்ட முக்காடு அல்லது தொப்பியின் ஓரம். அது அதிகம் சறுக்குவது இங்கேதான். காது தெரியவில்லை என்றால் விண்ணப்பமே திரும்பி வரலாம்.

8. அளவும், எல்லையும்

பாஸ்போர்ட் சைஸ் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால், 35 ÷ 25.4 × 300 = 413. அதேபோல் உயரம் 531. ஆக 413 × 531 பிக்ஸல். 4 × 6 அங்குலத் தாள் 1200 × 1800 பிக்ஸல். 1800 பக்கத்தில் நாலு படம் (4 × 413 = 1652), 1200 பக்கத்தில் இரண்டு (2 × 531 = 1062). மொத்தம் எட்டு! ஸ்டூடியோவில் ஏன் "எட்டு காப்பி" என்று கணக்குச் சொல்கிறார்கள் என்பது இதுதான். மிச்சமுள்ள இடம் கத்தரிக்கோலுக்கு. ஆன்லைன் விண்ணப்பத்தில் எத்தனை கே.பி. என்பது மட்டும் தேர்வுக்குத் தேர்வு மாறும். அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லை. சுவரை மாற்றலாம், முகத்தை மாற்றக் கூடாது. அடையாளப் படத்தில் மச்சத்தை எடுப்பது, நிறத்தை வெளுப்பாக்குவது, தாடையைச் செதுக்குவது எல்லாம் வேண்டாம். தேர்வு மையத்தில் உங்கள் முகத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். சில இடங்களில் சுவரைக்கூட மாற்றக் கூடாது. பாஸ்போர்ட் படத்தை மென்பொருளால் திருத்தவே கூடாது என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறை. நம் நாட்டில் பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் படம் எடுத்துப் போக வேண்டும்.

அடுத்தவர் படத்தை, முக்கியமாகக் கூடப் படிக்கிற பெண்களின் படத்தை, வெட்டி வேறு எங்கேயாவது ஒட்டுவது விளையாட்டு இல்லை. ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் கீழ் குற்றம். யாருக்காவது அப்படி நடந்தால் பயந்து ஒளிய வேண்டாம். வெட்டியவன்தான் பயப்பட வேண்டும். டீச்சரிடம் சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு, இல்லையென்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தெரியாத இணையதளங்களில் வீட்டார் படங்களை ஏற்றுவதையும் தவிருங்கள். ஜிம்ப்பில் செய்தால் படம் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

செய்து பாருங்கள்

1. ஒரு பிக்ஸலில் முடி 30, சுவர் 210, பாதிப் பாதி. புதுப் பின்னணி வெள்ளை (255) என்றால் அந்தப் பிக்ஸல் எவ்வளவு இருக்க வேண்டும்? பழைய எண்ணை அப்படியே விட்டால் வெளிச்சமாகத் தெரியுமா, இருட்டாகத் தெரியுமா?

2. மேலே உள்ள நாலு புள்ளிகளில் ஆ-வை (0, 4) என்று மாற்றினால் வளைவு எந்தப் புள்ளி வழியாகப் போகும்? (நடுப்புள்ளி முறையில் மட்டும் செய்யவும்.)

3. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், பச்சை டை. இந்த உடைக்கு எந்த நிறத் திரை போடலாம்? காரணம் எழுதவும்.

4. வீட்டில் ஒரு பழைய குரூப் போட்டோவை எடுத்து, அதில் உள்ள ஒருவரை மட்டும் தனியாக எடுத்தால் அவரோடு வேறு எதையெல்லாம் விட்டுவைக்க வேண்டும் என்று பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு ஐந்து வரி எழுதவும்.

விடைகளைப் பெயர், வகுப்புடன் கணினி ஆய்வகத்து வாசலில் உள்ள பெட்டியில் போடவும். நாலாவது கேள்விக்கு வரும் நல்ல பதில்கள் அடுத்த தாளில் இடம்பெறும்.

அடுத்த இதழில்: கிழிந்த, பூஞ்சை பிடித்த பழைய போட்டோவைச் சரிசெய்வது எப்படி?

— கணினி மன்றத்துக்காக, 11-ஆம் வகுப்பு மாணவன்